சதாவதானி செய்குதம்பிப் பாவலர்

ஆண்டுதோறும் நமது கல்லூரி மலருக்குத் தமிழ்ப்பகுதி திரட்டுங் காலம் வந்தால், மாணாக்கரிடமிருந்து யாம் பெறும் விடை பெரும்பாலும் ஒன்றேயாம். எழுத ஆசை உண்டு, எழுதப் பொருள்தான் இல்லை என்பர். பொருள் ஒன்றைக் கொடுத்தாலோ, பிறர் கொடுத்த பொருளைப்பற்றி எழுதுவதும் ஓர் எழுத்தாகுமோ என்று முகஞ்சுளிப்பர். இவ்வாண்டு, களியக்காவிளையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகும் மாணாக்கர் ஒருவர் இவ்விரண்டையும் ஒரே மூச்சிற் கூறி, மூன்றாவதாகவும் ஒன்று சேர்த்தார். தம் ஊரார் பேசுந் தமிழில் மலையாளம் பாதி கலந்திருப்பதாகவும், எல்லையிற் பிறந்தவனுக்கு இலக்கியத் தமிழ் கைவருதல் அரிதென்றும் அவர் வருந்தினார். அவருக்கு விடையாக யாம் ஒரு பெரியாரின் வரலாற்றைச் சொன்னோம். சொன்னதை எழுதித் தருக எனத் தமிழ்ச்சங்கத்தார் வற்புறுத்தியமையின் ஈண்டு எழுதலானோம்.

களியக்காவிளை இன்று தமிழ்நாட்டின் மேலை எல்லையில் நிற்கும் ஊர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று குமரி மாவட்டம் தமிழரோடு சேரும்வரை, இவ்வூரும் நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே அரசின்கீழ் இருந்தன. கோடு பின்னர் வந்தது. மொழிகளின் உறவு முன்னரே இருந்தது. கடைப்பலகையில் இரண்டு எழுத்தும், சந்தையில் இரண்டு மொழியும் காண்பார்க்கு இஃது எளிதில் விளங்கும். இவ்விரு மொழிப் புலவர்க்கும் பொதுவான பழக்கம் ஒன்றுண்டு. பாட்டின் ஒரு பகுதியை ஒருவர் கொடுப்பார். எஞ்சியதை மற்றவர் இயற்றி நிரப்பவேண்டும். மலையாளத்தார் இதனைச் சமஸ்யாபூரணம் என்பர். தமிழ்ப் புலவர் ஈற்றடி கொடுத்துப் பாடுவித்தல் என்பர். காளமேகப் புலவர் பெயரால் வழங்குங் கதைகளிற் பல இத்தகையனவே. ஆங்கில நாட்டுப் பழைய பள்ளிகளிலும் பொருள் கொடுத்து இலத்தீன் செய்யுள் செய்யப் பழக்கினர். கொடுத்த பொருளில் எழுதிப் பழகுதல், ஆதலின், இன்று புதிதாய் முளைத்த உபாயமன்று. இப்பழக்கத்தின் நுனிக்கொம்பு வரை ஏறினவர் ஒருவர், களியக்காவிளைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் கிழக்கே, நாகர்கோவிலைச் சார்ந்த இடலாக்குடியில் தோன்றினார். அவரே செய்குதம்பிப் பாவலர்.

பாவலர் 1874ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் இசுலாமியக் குடும்பமொன்றிற் பிறந்தார். நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. பள்ளிக்கூடத்திற் பயிற்றுமொழி மலையாளம். எனவே, பிற்காலத்தில் தமிழ்ப் புலவர் பேரவையை வியக்கவைத்த இவர் பள்ளியிற் கற்றது மலையாளத்தையே. எம் களியக்காவிளை நண்பர் இதனைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பதையும் இங்கே குறித்துவிடுகிறோம். தமிழை அவர் தேடிச்சென்று கற்கவேண்டியிருந்தது. சங்கரநாராயண அண்ணாவி என்னும் ஆசிரியரை அடுத்து இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். சமயம் வேறாயிருந்த ஆசிரியரும் மாணாக்கரும் தமிழ் ஒன்றினால் பிணைப்புண்டது, அக்காலத்து நாஞ்சில் நாட்டில் வியப்புக்குரிய செய்தியாக எண்ணப்படவில்லை போலும். பதினைந்து வயதளவிலேயே செய்யுள் இயற்றும் ஆற்றல் அவருக்கு வாய்த்துவிட்டது.

இங்கே சற்று நின்று, அந்நாளில் ஒருவர் செய்யுள் இயற்றப் பழகியது எங்ஙனம் என்பதைப் பார்த்தல் நலம். இன்று எழுதப் புகும் இளைஞர் வெற்றுத்தாளை முன்வைத்து, எதைப்பற்றி எழுதலாம் என்று எண்ணி எண்ணியே பொழுதைக் கழிப்பர். பழைய புலவருக்கு இத்தொல்லை இல்லை. ஒரு கோவை பாடப் புகுந்தால், தலைவன் தலைவியைக் காண்பது முதலாக நானூறு துறைகள் முறைப்படி வகுக்கப்பட்டு அவர்முன் நிற்கும். இன்று பாடவேண்டிய துறை இன்னது, நாளைக்கு இன்னது என்பதில் ஐயமே எழாது. பிள்ளைத்தமிழோ பத்துப் பருவம். பருவத்திற்குப் பப்பத்தாக நூறு பாட்டு. அந்தாதியில் ஒரு செய்யுளின் இறுதி அடுத்த செய்யுளின் முதலாக வரவேண்டும். அதனால் நேற்று முடித்த சொல்லே இன்றைக்குத் தொடங்குஞ் சொல். காலையில் எழுந்தவர்க்கு முதற்சொல் கையில் இருக்கிறது! திரிபந்தாதி இன்னுங் கடியது. நான்கடிகளிலும் முதலெழுத்து மட்டும் மாறி, அடுத்து வரும் எழுத்துக்கள் சில ஒன்றாகவே நிற்கப் பொருள் மட்டும் வெவ்வேறாதல் வேண்டும். இவற்றைச் சிலர் வெறுஞ் சொல்விளையாட்டு என்று ஒதுக்குவர். விளையாட்டே ஆயினும், நூறு நாள் விடாது ஆடினவன் கால் வலுப்பெறாமற் போகாது. சிற்றிலக்கியம் என்று நாம் சொல்லுவன எல்லாம், ஒருவகையில், எழுதுவோரை நாள்தோறும் ஏட்டின்முன் உட்காரவைக்கும் ஏற்பாடுகளும் ஆகும் என்பது எம் கருத்து.

பாவலர் இயற்றிய நூல்களின் பெயர்களை நோக்கினாலே அவர் இவ்வேற்பாட்டுக்கு எவ்வளவு தம்மை ஒப்புவித்திருந்தார் என்பது புலனாகும். ஷம்சுத்தாசீன் கோவை, நாகைக் கோவை, அழகப்பக் கோவை, திருநாகூர்த் திரிபந்தாதி, கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், கல்வத்து நாயகம் இன்னிசைப் பாமாலை, நீதிவெண்பா ஆகியன அவற்றுட் சில. கோவை ஒன்றை முடித்தவர் மறுபடியும் ஒரு கோவையைத் தொடங்குகிறார். துறைகள் பழையனவே, பாட்டுக்கள் புதியன. அதே படிக்கட்டில் மீண்டும் மீண்டும் ஏறினவர்க்கே அதன் ஒவ்வொரு படியும் காலுக்குத் தெரியும்.

உரிய வயதில் பாவலர் சென்னைக்குச் சென்று நூற்பதிப்புப் பணியில் ஈடுபட்டார். உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களையுடைய பெருங்காப்பியம்; நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தமிழ்க் காப்பிய மரபில் வைத்துப் பாடியது. அதற்கு உரை வரைந்த பெருமை பாவலருக்கு உரியது. உரை எழுதுவதும் கொடுத்த பொருளில் எழுதுவதேயன்றோ! செய்யுள் முன்னே நிற்கும். உரைகாரர் அதற்கு விடைகூற வேண்டும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களுக்கு விடைகூறுதல், உற்சாகம் வந்த நாளில் மட்டும் எழுதுவார்க்கு முடிவதன்று. இவ்வேலையின் பயனாக அவருக்கு வாய்த்த சொற்செல்வமே பின்னர் அவையிற் கைகொடுத்தது என்று கருதுகிறோம்.

அக்காலத்துச் சென்னையில் புலவர் உலகத்தை இரு கூறாக்கிய ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வடலூர் இராமலிங்க அடிகள் பாடல்களை அருட்பா எனல் தகுமா என்பதே அது. யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை முதலியோர் தகாதென்று எழுதியும் பேசியும் வந்தனர். அருட்பாக் கட்சிக்குத் துணையாக மேடையேறினவருள் செய்குதம்பிப் பாவலரும் ஒருவர். சைவர் இருவேறு பிரிவாய் நின்று வாதிட்ட வழக்கில் ஓர் இசுலாமியப் புலவர் வந்து அடிகளாரின் பாடலுக்காக வாதாடியது பலரையும் திரும்பிப் பார்க்கச் செய்தது. இதனை யாம் குறிப்பது வழக்கின் முடிவைச் சொல்லுதற்கன்று. இதுகாறும் யாம் சொன்னவை பிறர் வகுத்த துறைகள். இப்பொருளை அவருக்கு எவரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். கொடுத்ததிற் பழகிய கை, தானே எடுக்கவேண்டிய நாளில் தயங்கவில்லை.

இனி அவருக்கு அழியாப் பெயர் தந்த நிகழ்ச்சிக்கு வருவோம். அவதானம் என்பது கவனம். ஒரே அமர்வில் பலர் பலவாறு விடுக்குங் கேள்விகளையும் செயல்களையும் மனத்தில் வாங்கிக்கொண்டு, ஒன்றையொன்று கலவாமல் விடை தருதல் அவதானக்கலை. எட்டுச் செய்வார் அட்டாவதானி. பத்துச் செய்வார் தசாவதானி. பதினாறு செய்வார் சோடசாவதானி. நூறு செய்வார் சதாவதானி. தெலுங்கு நாட்டில் திருப்பதி வேங்கட கவிகள் என்ற இரட்டையர் இக்கலையால் அந்நாளிற் பெரும்புகழ் பெற்றிருந்தனர். தமிழிலும் அவதானியர் பலர் இருந்தனர்; ஆயினும் நூறு என்னும் எண்ணை எட்டினவர் மிகச் சிலரே.

அவதான அவை நடைபெறும் முறையை அறியாதார்க்காகச் சிறிது விரிக்கிறோம். அவதானி நடுவே அமர்வார். கேட்போர் சுற்றிலும் இருப்பர். ஒருவர் இடையிடையே மணியடிப்பார். எத்தனை முறை அடித்தார் என்பதை இறுதியிற் சொல்லவேண்டும். மற்றொருவர் பின்புறமிருந்து சிறு கற்களையோ நெல்மணிகளையோ முதுகின்மேல் எறிவார். அவற்றின் தொகையையும் நினைவில் வைக்கவேண்டும். ஒருவர் பெருக்கற் கணக்குக் கொடுப்பார். ஒருவர் பழைய தேதி ஒன்றைச் சொல்லி அன்று என்ன கிழமை என்பார். ஒருவர் சதுரங்கம் ஆடுவார். ஒருவர் தமக்குத் தெரிந்த செய்யுள் ஒன்றின் எழுத்துக்களை முன்பின்னாக, பதினேழாவது எழுத்து இது, நான்காவது இது என்று இடைவிட்டு இடைவிட்டுச் சொல்லுவார்; முடிவில் செய்யுள் முழுதும் ஒழுங்காய் வரவேண்டும். இத்தனைக்கும் நடுவே, ஒருவர் இலக்கண வினா விடுப்பார். ஒருவர் இன்ன பொருளில் இன்ன பாவில் ஒரு செய்யுள் என்பார். ஒருவர் ஈற்றடி ஒன்றைக் கொடுத்து மேலடிகளைப் பாடுக என்பார்.

எம்மைக் கேட்டால், எண்ணுவதும் நினைப்பதும் அரியவை ஆயினும், இவற்றுள் மிக அரியது ஈற்றடியே. மணியோசை எண்ணுவதற்கு நினைவு போதும். ஈற்றடிக்கோ, கொடுத்தவர் மனத்தில் ஒளித்துவைத்த பொறியை முதலிற் காணவேண்டும்; அது முடியும் ஓசைக்கு ஏற்பத் தளை கெடாமல் முன்சீர்களை அமைக்கவேண்டும்; எதுகை மோனை தேடவேண்டும்; இவ்வளவுக்கும் மேலாகப் பொருள் நயமுற முடியவேண்டும். அவையில் உட்கார்ந்து இதனை யோசிக்கத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும். வீட்டில் ஆயிரம் முறை செய்து செய்து, தளையும் எதுகையும் நடப்பதுபோல் இயல்பாகிவிட்டவர்க்கே மனம் பொருளின்மேல் நிற்க ஓய்வு கிடைக்கும். நாள்தோறும் பழகுவதன் பயன் இதுதான். விதிகள் கைக்கு இறங்கிவிடுகின்றன. கருத்து விடுதலை பெறுகிறது.

1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்தில், அறிஞர் பலர் முன்னிலையில் பாவலர் நூறு செயல்களை நிகழ்த்திக் காட்டினார். அன்று அவருக்கு வயது முப்பத்திரண்டு. அவையோர் சதாவதானி என்று பாராட்டினர். அன்றுமுதல் அப்பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நாஞ்சில் நாட்டில் அவரைச் சதாவதானி என்றே சொல்லுவாரும் உளர்.

அவருடைய அவதானங்களைப் பற்றி வழங்கும் செய்திகளுள் ஒன்றை மட்டும் இங்கே சொல்லவேண்டும். இது செவிவழியாக வந்தது. எந்த அவையில் நடந்தது என்பதில் சொல்லுவோர் ஒருமைப்படார். ஒருவர் எழுந்து, துருக்கனுக்கு இராமனே துணை என்னும் பொருளில் முடியும் ஈற்றடி ஒன்றைக் கொடுத்தாராம். துருக்கன் என்பது அக்காலத்தார் இசுலாமியரைக் குறிக்க வழங்கிய சொல். கொடுத்தவர் உள்ளக்கிடக்கை எளிதில் விளங்கும். அப்படியே பாடினால் புலவர் தம் சமயத்தைத் தாமே விட்டுக்கொடுத்தவர் ஆவார்; பாட மறுத்தாலோ அவையில் தோற்றவர் ஆவார். சினந்து எழுந்து போயிருந்தாலும் குறைகூறுவார் இல்லை. பாவலர் எழவுமில்லை, சினக்கவுமில்லை. இராமன் உடன்பிறந்தாரை வரிசையாய்ப் பாடிவந்து, ஈற்றடிக்கு முன்னுள்ள அடியின் இறுதியில் சத் என்னும் ஓரசையை நிறுத்தினார். அவ்வசை அடுத்த அடியின் முதற்சொல்லோடு சேர்ந்தவுடன், துருக்கன் மறைந்து சத்துருக்கன் தோன்றினான். தம்பியாகிய சத்துருக்கனுக்கு அண்ணன் இராமன் துணை என்பதில் எவர்க்கு என்ன தடை? கொடுத்த அடியில் ஓரெழுத்தும் மாறவில்லை. வலை விரித்தவர் கையிலேயே வலை இருந்தது. அவை ஆர்ப்பரித்தது என்று கதை முடியும்.

இக்கதையை யாம் பலமுறை கேட்டிருக்கிறோம், சொல்லியும் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் எமக்குத் தோன்றுவது, இது சொற்சாதுரியத்தை விடப் பெரிது என்பதே. அந்த ஓரசையைக் கண்டுபிடித்தற்கு இராமாயணத்தை அறிந்திருக்க வேண்டும். அயலார் காப்பியம் என்று ஒதுக்கியிருந்தால் அது அகப்பட்டிராது. பிறர் பொருள் கொடுக்கலாம், பொறியும் வைக்கலாம்; எழுதுவோன் தன் களஞ்சியத்திலிருந்து எதை எடுத்து வருகிறான் என்பதிலேதான் பாட்டு இருக்கிறது. பிறர் கொடுத்த பொருளில் எழுதுவது எழுத்தாகுமோ என்று ஐயுற்ற மாணாக்கர்க்கு இதனினும் தக்க விடை எம்மிடம் இல்லை.

இதற்கு மறுதலையாகச் சொல்லத்தக்கதும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. அவதானம் ஒரு வித்தை. வித்தையைக் கண்டார் வியந்து கலைந்து போவர். அவையில் எழுந்த பாட்டெல்லாம் காலத்தை வென்று நிற்பதில்லை. கோவையும் திரிபந்தாதியும் இன்று புலவரன்றிப் பிறர் அறியார். பெருமுயற்சியெல்லாம் இப்படி வழக்கொழிந்து போகுமாயின் பழக்கத்தால் வந்த பயன் என்ன என்று ஒருவர் கேட்டால், எம்மால் முற்றும் மறுக்க இயலாது. ஆயினும் பாவலரின் நீதிவெண்பா வேறு வகையில் வாழ்கிறது. கல்வியைப் போற்றும் அவர்தம் வெண்பா ஒன்று, 2019ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. அதனிற் சொற்சிலம்பம் இல்லை. எவர்க்கும் விளங்குஞ் சொற்கள், தடையற்ற ஓட்டம். நூறு செயலுக்கிடையே வெண்பாப் பாடின கை, ஓய்வாக உட்கார்ந்து பாடியபொழுது எத்துணை எளிமை எய்தியது என்பதை அதனிற் காணலாம். எளிமை, பழகாதவர்க்கு வருவதன்று.

பாவலர் பிற்காலத்தில் காந்தியடிகள் வழியில் ஈடுபட்டுக் கதர் உடுத்தினார். தேச விடுதலைக்காக மேடைகளிற் பேசினார். நாடு விடுதலை பெற்றதைக் கண்ணாரக் கண்டு, 1950ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் காலமானார். அவர் மறைந்தபொழுது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்–கொச்சி இராச்சியத்திலேயே இருந்தது. தாம் தேடிக் கற்ற மொழியின் நாட்டோடு பிறந்த ஊர் சேர்ந்ததைக் காண அவர் இருந்திலர். இடலாக்குடியில் இன்று அவர் பெயரால் பள்ளியும் மணிமண்டபமும் உள்ளன. 2008ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறையார் அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டனர்.

இவ்வளவும் கேட்ட களியக்காவிளை நண்பர், தமக்கும் ஓர் ஈற்றடி தருக என்றார். தம் ஊர்ப் பெயரிலேயே வெண்பாவை முடிக்குமாறு சொல்லி அனுப்பினோம். மூன்று நாள் கழித்து வாடிய முகத்தோடு வந்தார். களியக்கா என்பது காய்ச்சீராய் நிற்கிறது. விளை என்பதோ நிரையசை. காய் முன் நிரை வந்தால் கலித்தளையாகி வெண்பாக் கெட்டுவிடுகிறது, எங்கள் ஊர் வெண்பாவுக்கு அடங்காத ஊர் என்று முறையிட்டார். தளை பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டாரே என்று உள்ளே மகிழ்ந்தோம். வெளியே ஒன்றுஞ் சொல்லவில்லை. சத்துருக்கனை மட்டும் நினைவூட்டினோம்.

மறுவாரம் வந்து தாளை நீட்டினார். ஊர்ப் பெயரைப் பாவலர் வழியிற் பிளந்திருந்தார். களி என்பதை அதற்கு முன் நல் என்னும் ஓரசையோடு கூட்டி நற்களி என ஒரு சீராக்கி, யக்கா என்பதை அடுத்த சீராகவும் விளை என்பதை ஈற்றுச்சீராகவும் நிறுத்தியிருந்தார். இலக்கணத்தார் இதனை வகையுளி என்பர். அசைபிரித்துப் பார்த்தோம்; விளம் முன் நேர், மா முன் நிரை, ஈற்றில் மலர்; தளை தட்டவில்லை. முச்சீராலாகிய ஈற்றடி முழுவதும் அவர் ஊரே நிறைந்திருந்தது. மேலே மூன்றடி இன்னும் எழுதவில்லையாம். நாளைக்கு முதலடி கொண்டுவருவதாகச் சொல்லி, மாலைப் பேருந்துக்கு நேரமாயிற்றென்று ஓடினார்.